கம்யூனிட்டி காலேஜ்ல நர்ஸிங் – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

டல்லாஸ் பக்கம் இருக்கேன். ஊர்ல பி.காம் முடிச்சது, வயசு 38. வீட்டுக்காரரோட வேலை விசாவ ஒட்டி கெடைக்கற எச்4 விசால வந்து பசங்கள பாத்துக்கிட்டு வீட்லயே பத்து வருஷம் ஓடிடுச்சு, இப்பதான் கிரீன் கார்டு வந்துச்சு. கம்யூனிட்டி காலேஜ்ல, அதான் ரெண்டு வருஷப் படிப்பு நடத்தற உள்ளூர் காலேஜ்ல, நர்ஸிங் சேரலாம்னு ஆசை. வீட்டுக்காரர் "போயும் போயும் கம்யூனிட்டி காலேஜா"ங்கறாரு. அம்மா போன்ல "பீ மூத்திரம் அள்ளவா அமெரிக்கா போன"ன்னு ஒரே அழுகை. என்ன பண்ணட்டும்?

– ஒரு வாசகி

வணக்கம்மா,

நானும் அதே வழில வந்தவதான், அதனால உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். ரெண்டு வருஷ நர்ஸிங் டிகிரியே கம்யூனிட்டி காலேஜுக்குன்னு உருவானதுதான். ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் நர்ஸுக்கு பெரிய பஞ்சம், மில்ட்ரெட் மான்டாக்ங்கறவங்க 1951ல தன்னோட ஆராய்ச்சில இந்த யோசனைய எழுதுனாங்க, 1952ல அத நடத்தியே பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. நாலு வருஷம் படிச்சவங்களும் ரெண்டு வருஷம் படிச்சவங்களும் லைசென்ஸுக்கு எழுதுறது ஒரே என்கிளெக்ஸ் பரீட்சை, வாங்குறது ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ். பெரிய ஆஸ்பத்திரிங்க பி.எஸ்.என்., அதாவது அந்த நாலு வருஷ டிகிரிய கேப்பாங்க, அது நெசம், ஆனா வேலை பாத்துக்கிட்டே ஆன்லைன்ல அத முடிச்சுக்கலாம்.

ஆனா ரெண்டு வருஷம்னு நம்பி எறங்காதீங்க. உங்க பி.காம் இங்க பெருசா உதவாது, உடம்போட அமைப்பும் இயக்கமும் படிக்கற அனாடமி ஃபிசியாலஜியே ரெண்டு செமஸ்டர், அப்புறம் மைக்ரோபயாலஜி, இதெல்லாம் நல்ல கிரேடோட முடிச்சாதான் சீட்டுக்கு அப்ளையே பண்ண முடியும், சீட்டும் கம்மி.

அம்மா சொன்னதுக்கு வரேன். என் மொத கிளினிக்கல்ல, அதாவது நோயாளிங்ககிட்ட நேர்ல செய்யற பயிற்சில, ஒரு பெரியவர படுக்கையிலயே குளிப்பாட்ட சொன்னாங்க. மொதல்ல கண்ணு, சோப்பு கூடாது, மூக்குப் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா தொடைக்கணும், அடுத்த கண்ணுக்கு துணில வேற முனை. கடைசியா அவர ஒருக்களிச்சு படுக்க வச்சு மலம் தொடைச்சப்ப, இடுப்புக்கு கீழ எலும்பு மேல ஒரு ரூபா அளவுக்கு செவப்பா இருந்துச்சு. வெரலால அமுக்கிப் பாத்தேன், வெளுக்கவே இல்ல. படுக்கைப் புண்ணோட மொத கட்டம் அது. டீச்சர கூப்ட்டு காட்டுனேன், அன்னைக்கே ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ திருப்பிப் படுக்க வைக்க ஏற்பாடாச்சு. தொடைக்கப் போனதாலதான்மா அது கண்ணுல பட்டுச்சு. அம்மாகிட்ட இத அப்படியே சொல்லுங்க.

உங்களுக்கே சந்தேகம் இருந்தா, மொதல்ல நர்ஸ் எய்ட் (நர்ஸுக்கு உதவியாளர்) கோர்ஸ் பண்ணுங்க. உங்க டெக்சஸ்ல சட்டப்படி கொறஞ்சது 100 மணி நேரப் பயிற்சி, சில வாரத்துல முடிஞ்சுரும். அதுல ஒரு உடம்ப தொட்டு, தூக்கி, தொடைச்சு பாத்துட்டு, புடிச்சிருந்தா அனாடமி ஒண்ணு மட்டும் எடுங்க, பசங்களையும் வச்சுக்கிட்டு மொத செமஸ்டர்லயே மூணு சப்ஜெக்ட் வேணாம். வீட்டுக்காரர் சாயங்காலம் பசங்கள பாத்துப்பாரான்னு இப்பவே கேட்டு வச்சுக்கோங்க, கிளினிக்கல் நாள்ல வீடு திரும்ப ராத்திரி ஆயிடும்.