லீட்ஸுக்கு வரும் தம்பிக்கு: அந்த ஜெர்சியை மதுரையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். இங்கிலாந்தின் லீட்ஸில், நான் இருக்கும் ஊரில், வேலை கிடைத்திருக்கிறதாம். பிப்ரவரியில் மனைவி, பத்து வயது மகனோடு வருகிறார். வாடகை எவ்வளவு ஆகும், குளிருக்கு எங்கே துணி எடுப்பது, பள்ளிக்கூடம் எப்படி, பிரஷர் குக்கர் கொண்டுவரலாமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருக்கிறார்: “பையனுக்கு கிரிக்கெட் பைத்தியம், அங்கே விளையாட இடம் கிடைக்குமா? நான் காலேஜ் நாளிலிருந்தே மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். லீட்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தானாமே, ஜெர்சியோடு வருகிறேன்!”

தம்பி, வாடகை நெட்டிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். துணியை இங்கே வந்து எடுங்கள். சென்னையில் விற்கும் ஸ்வெட்டர் இந்த ஊர்க் காற்றுக்குக் கொசுவலை மாதிரி. பள்ளிக்கூடத்துக்கு நம்ம மாநகராட்சி மாதிரியான கவுன்சிலில் விசாரித்து விண்ணப்பம் போட வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கடைசி வரியைப் படித்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதற்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

நான் லீட்ஸில் வந்து இறங்கியது 2004 பிப்ரவரி. பாண்டி பஜார் நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சி ஒன்று பெட்டியில் இருந்தது. வந்த இரண்டாவது சனிக்கிழமை அதைப் போட்டு, மேலே ஜாக்கெட்டை மாட்டி, ஜிப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஊரோடு ஒட்டிக்கொள்கிறேனாம்! அன்றைக்கு லீட்ஸ் யுனைடெட்டுக்கு மேட்ச் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. மஞ்சளும் வெள்ளையும் நீலமுமாகத் துண்டு கட்டியவர்கள் எல்லாம் என்னையே பார்க்கிறார்கள். தோல் நிறத்தைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து நானும் விறைப்பாக நின்றேன். பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பிடித்துத் தாடைவரை இழுத்துவிட்டார். காலரையும் சரிசெய்துவிட்டு, “குளிரடிக்குது, தம்பி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு அன்பான மனிதர் என்று அன்றிரவே அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். திங்கட்கிழமை ஆபீஸில் இதைச் சொன்னபோதுதான் சிரித்துச் சிரித்து விளக்கினார்கள்: கால்பந்தில் லீட்ஸுக்கு மான்செஸ்டர் யுனைடெட் ஜென்மப் பகை, கிழவர் மூடியது என் ஜெர்சியை!

அந்த வருஷத்துச் சூட்டை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். 1992ல் லீட்ஸ் லீக் பட்டம் வென்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் எரிக் கன்டோனாவை மான்செஸ்டருக்கு விற்றார்கள், அவர் அங்கே போய்க் கடவுளாகிவிட்டார். 2002ல் ரியோ ஃபெர்டினாண்டும் அங்கேதான் போனார். பிறகு கடன் கழுத்தை நெரித்து, 2004 மே மாதம் பிரீமியர் லீக்கிலிருந்தே இறங்கிவிட்டார்கள். கடைசி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஆலன் ஸ்மித்தை ரசிகர்கள் தோளில் தூக்கிக்கொண்டு அழுதார்கள். அதே மாதம் அவர் கையெழுத்துப் போட்டது எந்த கிளப்பில் என்று நினைக்கிறீர்கள்? அதேதான். ஆபீஸில் ஐம்பது வயது மனிதர் ஒருவர் அன்று மத்தியானம் டீ கூடக் குடிக்கவில்லை.

திரும்பி மேலே ஏற 16 வருஷம் ஆனது. 2020ல் மார்செலோ பியெல்சா என்ற அர்ஜென்டினாக்காரப் பயிற்சியாளர் ஏற்றிவிட்டார். ஒரு டிக்கெட் வாங்க ரசிகன் எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, வீரர்களை மூன்று மணி நேரம் குப்பை பொறுக்க வைத்தவர். லீட்ஸில் அவருக்குச் சுவரோவியம் இருக்கிறது. 2023ல் மறுபடி இறங்கி, 2025ல் 100 புள்ளியோடு மறுபடி ஏறினார்கள். ஏறினாலும் இறங்கினாலும் எலண்ட் ரோடு மைதானம் நிரம்பும். உங்களுக்கு மான்செஸ்டர்தான் உயிர் என்றால் வீட்டுக்குள் இருக்கட்டும். நம்ம ஊரில் தலைவர் கட்டவுட் முன்னால் நின்று எதிர் நடிகருக்கு விசில் அடிப்பீர்களா?

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், விளையாட்டுக்குக்கூட இதில் வாயைவிடாதீர்கள். பக்கத்து பிராட்ஃபோர்டில் 1985 மே 11 அன்று வேலி பரேட் மைதானத்தின் மரக் கேலரி தீப்பிடித்து 56 பேர் செத்தார்கள். ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில் 1989ல் நடந்த நெரிசலில் உயிரிழந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். நேற்று வந்த நம்மாள் ஒருவர், எதிர் அணியைக் கிண்டல் செய்யும் மும்முரத்தில் அந்தத் தீயை வைத்து ஒரு ஜோக் அடித்தார். அதே அறையில் டீ ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் அண்ணன் அன்றைக்கு அந்த கேலரியில் இருந்தவர். அப்புறம் அந்த அறையில் யாரும் அவரோடு பேசவில்லை.

சரி, கிரிக்கெட்டுக்கு வருவோம்.

லீட்ஸ் இருக்கும் கவுண்டி, நம்ம மாவட்டம் மாதிரி, யார்க்ஷயர். யார்க்ஷயர்க்காரர்களுக்கு கிரிக்கெட் ஒரு ஜாதகம் மாதிரி. பிறந்த இடம் பார்ப்பார்கள். கவுண்டி அணியில் ஆட வேண்டுமென்றால், ஓரிரு விதிவிலக்கு தவிர, எல்லைக்குள் பிறந்தவனாக இருக்க வேண்டும் என்று 1990களின் தொடக்கம் வரை கறாராக இருந்தார்கள். பிரசவ வலி எடுத்த மனைவியைக் காரில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டி ஓடிவந்த அப்பாக்களின் கதை இங்கே ஊருக்கு ஊர் உண்டு. 2005ல் ஆஸ்திரேலியாவோடு மோதும் ஆஷஸ் தொடரை வென்ற இங்கிலாந்து கேப்டன் மைக்கேல் வான் பிறந்தது பக்கத்து எதிரிக் கவுண்டியான லங்காஷயர் பக்கம், விதி தளர்ந்ததால்தான் அவருக்கு இடம் கிடைத்தது. வெளிநாட்டுக்காரர் என்று முதன்முதலாக 1992ல் உள்ளே விட்டது யாரை? 19 வயது சச்சின் டெண்டுல்கரை! ட்யூஸ்பரியில் தங்கி அந்த சீசனில் ஆடி 1070 ரன் எடுத்தார், சதம் ஒன்றே ஒன்று. என் கிளப்பில் ஒரு பெரியவர் அதை இன்னும் சொல்வார்: “நல்ல பையன். இன்னும் கொஞ்சம் அடித்திருக்கலாம்.” யார்க்ஷயர்க்காரன் பாராட்டு என்றால் இதுதான். இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

நமக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. நம்ம முரளிதரன் 1999ல் தொடங்கிப் பல சீசன் ஆடியது லங்காஷயருக்கு. வாஷிங்டன் சுந்தர் 2022ல் வந்து முதல் மேட்ச்சிலேயே ஐந்து விக்கெட் எடுத்ததும் லங்காஷயருக்குத்தான். எதிரி முகாம்! நான் மனசுக்குள் கைதட்டிக்கொள்வேன், முகத்தில் காட்டமாட்டேன். 2025 ஜூனில் லீட்ஸின் ஹெடிங்லி மைதானத்தில் சாய் சுதர்சன் முதல் டெஸ்ட் ஆடியபோது வெஸ்டர்ன் டெரஸ் கேலரியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவன் வாழைப்பழ வேஷத்தில். “நம்ம ஊர்ப் பையன்” என்று அவனிடம் பத்து நிமிஷம் அளந்துவிட்டேன். பையன் வந்தார், டக் அவுட். வாழைப்பழம் என் தோளில் தட்டிக்கொடுத்தது. ஐந்து சதம் அடித்தும் இந்தியா தோற்ற மேட்ச் அது. இங்கிலாந்து 371ஐ விரட்டி எடுத்துவிட்டது.

அந்த ஹெடிங்லியில் ஒரே ஸ்டாண்டின் ஒரு பக்கம் கிரிக்கெட், மறுபக்கம் ரக்பி லீக். ரக்பி லீக் என்று தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். வெறுமனே ரக்பி என்றால் தெற்கத்திக் கனவான்கள் ஆடும் 15 பேர் ஆட்டம் என்று முகம் சுளிப்பார்கள். இங்கே 13 பேர். மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவன் சனிக்கிழமை ஆடப் போனால் அரைநாள் கூலி போய்விடும், அதை ஈடுகட்டிக் காசு தருவோம் என்றன வடக்கத்தி கிளப்புகள். கூடாது என்றது ரக்பி சங்கம். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் கூடிப் பிரிந்துவிட்டார்கள். கூலிக்காகப் பிறந்த ஆட்டம், தம்பி. ஃபெதர்ஸ்டோன் என்ற சின்னச் சுரங்க ஊர் மூன்று தடவை சேலஞ்ச் கோப்பை வென்றிருக்கிறது. ராப் பரோ என்று ஐந்தடி ஐந்தங்குல மனிதர் லீட்ஸ் ரைனோஸுக்கு ஆடினார், மலை மாதிரி ஆட்களின் காலிடுக்கில் புகுந்து ஓடுவார். நரம்பு நோய் வந்து சக்கர நாற்காலியில் முடங்கியபோது, பழைய கேப்டன் கெவின் சின்ஃபீல்டு அவரைத் தள்ளிக்கொண்டே 2023 லீட்ஸ் மாரத்தான் முழுக்க ஓடினார். எல்லைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். ரக்பி விதி இன்றைக்கும் எனக்குப் பாதிதான் புரியும். அந்தக் காட்சியைப் பார்த்து என் மனைவி அழுதாள். நானும்தான்.

உங்கள் பையன் விஷயம். இடம் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள், இடம் தாராளம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிளப், பிராட்ஃபோர்டு லீக் 1903லிருந்து நடக்கிறது. நான் இருக்கும் பட்ஸி பக்கம்தான் லென் ஹட்டன் பிறந்தார், 1938ல் ஒரே டெஸ்ட் இன்னிங்ஸில் 364 அடித்தவர். ஆனால் கிளப் என்றால் சென்னையில் மாதம் ஃபீஸ் கட்டிவிட்டு, அப்பா காரில் உட்கார்ந்து போனைத் தேய்க்கும் கோச்சிங் அகாடமி என்று நினைக்காதீர்கள். இங்கே புல் வெட்டுவது, ரோலர் இழுப்பது, ஸ்கோர் எழுதுவது, டீ போடுவது எல்லாம் பெற்றோர் வேலை. பக்கத்து ஃபார்ஸ்லியைச் சேர்ந்த ரே இல்லிங்வொர்த், 1970-71ல் ஆஸ்திரேலியாவில் ஆஷஸ் வென்ற கேப்டன், எண்பது வயதை ஒட்டியும் அந்த ஊர் கிளப் பிட்ச்சை அவர்தான் பராமரித்தார். இங்கிலாந்து கேப்டனே புல் வெட்டும் ஊரில் நாம் நாற்காலி தேடக் கூடாது.

நான் தேடினேன். முதல் சீசனில் போய், “ஓப்பனிங் பேட்ஸ்மேன், காலேஜ் டீம் கேப்டன்” என்றேன். நாலாவது டீமில் ஒன்பதாவது ஆளாக இறக்கினார்கள். ஏப்ரல் மாதம், நான்கு ஸ்வெட்டர், ஸ்லிப்பில் நிறுத்தினார்கள். பந்து கையில் பட்டது காதுக்குள் கேட்டது. விரல் விறைத்து, பந்து விழுந்ததுகூடத் தெரியாமல் மூடிய கையோடு நின்றேன். அதற்கு மூன்று வாரம் கழித்து மழை கொட்டியது, பிட்ச்சின்மேல் கவர் இழுக்க ஆளில்லை. நான் ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தேன். அடுத்த வாரம் ஐந்தாவது ஆளாக இறக்கினார்கள். 50 அடித்தால் எல்லோருக்கும் ஒரு ஜக் பீர் வாங்கித்தர வேண்டும் என்பது வழக்கம். நீங்கள் குடிக்காவிட்டால் பரவாயில்லை, கையில் ஆரஞ்சு ஜூஸோடு நில்லுங்கள், ஆனால் நில்லுங்கள். கிட்பேக்கைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டுவதைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

நம்மவர்கள் டீம் ஒன்று இருக்கிறது, வந்த மறுநாளே உங்களைக் கூப்பிடுவார்கள். நான் சேர்ந்தபோது ஒரு டீம், ஒரு தலைவர். இப்போது மூன்று டீம், நான்கு தலைவர்கள். பொங்கல் விழா மேடையில் யார் முதலில் பேசுவது என்பதில் ஒரு டீம் உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு மைதானம் எடுத்துவிட்டு பிரியாணித் தட்டை அப்படியே போட்டுவிட்டுப் போவார்கள், மறுநாள் கிளப்பில் என் முகத்தைப் பார்ப்பார்கள். போங்கள், சிரித்துப் பேசுங்கள். பையனை மட்டும் உள்ளூர் கிளப்பில் சேருங்கள்.

எல்லாம் தேன் என்று நான் சொல்ல மாட்டேன். என் மகன் தொடர்ந்து ரன் அடித்தும் ஒரு வருஷம் முழுக்க பி டீமில் உட்கார்ந்தான். பயிற்சியாளர் வீட்டுப் பையன் ஏ டீமில். நிறமா, வழக்கமான வேண்டியவர் வேண்டாதவர் கணக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கவுண்டி அணியிலேயே இனவெறி நடந்தது என்று அதன் முன்னாள் வீரர் அஸீம் ரஃபீக் 2021ல் நாடாளுமன்றக் குழு முன்னால் சொன்னார். 2023ல் அந்த அணிக்கு 4 லட்சம் பவுண்டு அபராதம் விதித்து 48 புள்ளியைப் பிடுங்கினார்கள். அதைச் சொன்னதற்காக ரஃபீக்கைத் திட்டியவர்கள் என் கிளப் பாரிலும் இருந்தார்கள், எழுந்து அவருக்காகப் பேசியவர்களும் இருந்தார்கள். நான் அன்று வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நீங்கள் பிப்ரவரியில் வருவதால் வெளியே மைதானம் சேறாக இருக்கும். பள்ளிக்கூட உள்ளரங்குகளில் வலைப்பயிற்சி நடக்கும், ஏதாவது ஒரு கிளப்புக்கு எழுதிக் கேளுங்கள், பதில் வரும். ஏப்ரல் நடுவில் சீசன் தொடங்கிவிடும். பேட் மட்டும் அங்கேயே நல்லதாக வாங்கி வாருங்கள், இங்கே விலை கொள்ளை. பெட்டியில் இடம் போதாவிட்டால் குக்கரை எடுத்து வெளியே வையுங்கள். குக்கர் இங்கேயே கிடைக்கும்.