அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 'கன்சென்சஸ் ஆல்-அமெரிக்கன்' என்றால் என்ன?

இங்கே கால்பந்து என்றால், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க வகை ஆட்டம். அதில் தன் இடத்துக்கு நாட்டிலேயே சிறந்தவர் என்று தேர்வாகும் கல்லூரி வீரர்தான் 'ஆல்-அமெரிக்கன்'. நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் எல்லாம் ஒன்றோடொன்று மோத வழியில்லை. அதனால் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஏபி செய்தி நிறுவனம், பயிற்சியாளர் சங்கம் உட்பட ஐந்து அமைப்புகளின் பட்டியல்களை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ ஏற்கிறது. குறைந்தது மூன்று பட்டியல்களில் முதல் அணியில் வந்தால் 'கன்சென்சஸ்' (பெரும்பான்மை ஒப்புதல்), ஐந்திலும் வந்தால் 'யுனானிமஸ்' (ஏகமனது). கல்யாணத்துக்குச் சமையல்காரர் தேடி விசாரிக்கும்போது, ஐந்து வீட்டாரும் ஒரே பெயரைச் சொல்வது மாதிரி. 2020இல் அலபாமா பல்கலைக்கழக வீரர் டிவான்டா ஸ்மித்துக்கு அப்படித்தான் அமைந்தது. பந்தையே தொடாமல் எதிரியைத் தடுத்து நிற்கும் வீரருக்கும் இதில் இடமுண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அப்புறம், பெயரைப் பார்த்து இதைத் தேசிய அணி என்று நினைத்துவிடாதீர்கள். இது சேர்ந்து ஆடுவதற்கான தேர்வே அல்ல.