வீட்டோடு வாழ்ந்த அம்மாவைப் பற்றிக் கல்வெட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: அம்மா காலமாகிவிட்டார். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்கிறோம். அதில் அம்மாவின் வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதும் பொறுப்பு எனக்கு. அவர் வேலைக்குப் போனதில்லை. பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், வீடு, அவ்வளவுதான். என்ன எழுதுவதென்றே தெரியவில்லை.

பதில்:

உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். திருகோணமலையில் எங்கள் அம்மா போனபோது இதே வேலை என் தலையிலும் விழுந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வெளியூர்க்காரருக்காக ஒரு வார்த்தை: ஈழத்துச் சைவ வீடுகளில் இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை முடிந்து, அதையொட்டி வீட்டில் நடக்கும் வீட்டுக்கிருத்தியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சிறு புத்தகம்தான் கல்வெட்டு. அட்டையில் படம் இருக்கும். உள்ளே பஞ்சபுராணப் பாடல்கள், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். புலம்பல்கள் பெரும்பாலும் அச்சகத்திலேயே ஆயத்தமாக இருக்கும், பெயரை மாற்றினால் போதும். அதைக் குறை சொல்லமாட்டேன். செத்தவீட்டில் இருக்கும் ஆளுக்கு வெண்பாவா வரும்? ஆனால் வாழ்க்கைக் குறிப்பை மட்டும் அச்சகத்திடம் விட்டுவிடாதீர்கள்.

மரண அறிவித்தலைப் பாருங்கள். அன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், மாமியாரும், அம்மம்மாவும் ஆவார். எல்லாம் உண்மைதான். ஆனால் அன்னார் காலையில் எழும்பி என்ன செய்தார் என்று அதில் ஒரு சொல் இராது. எங்கள் ஊர் ஐதீகத்திலும் இதே குறைதான். தாய் வழிபடவேண்டும் என்பதற்காக இராவணன் கோணேசர் மலையைப் பெயர்க்கப் பார்த்தானாம், அதற்கு அடையாளமாகக் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையில் அவன் வாளால் வெட்டிய பிளவு என்று இராவணன் வெட்டைக் காட்டுவார்கள். பிறகு அந்தத் தாய்க்குக் கிரியை செய்ய உண்டானவைதான் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் உள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகள் என்பார்கள். அதனால்தான் அந்தியேட்டிக்குக் கன்னியா போகும் வழக்கமே வந்தது. மலை வருகிறது, வாள் வருகிறது, வெந்நீர் வருகிறது. அந்த மனுசி எப்படிப்பட்டவர் என்று நான் கேட்ட எந்தக் கதையிலும் இல்லை.

சரி, எப்படி எழுதுவது? தனியே உட்கார்ந்து யோசித்தால் வராது. ஆட்களிடம் கேட்கவேண்டும். அதிலும் ஒரு முறை இருக்கிறது. "அம்மா எப்படிப்பட்டவ?" என்று கேட்டால் "நல்ல மனுசி, தங்கமான குணம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காலத்தைச் சொல்லிக் கேளுங்கள். திருகோணமலைக்காரர் என்றால் 1964 மார்கழிப் புயல் இருக்கிறது. 70களில் பாணுக்கு (ரொட்டிக்கு) வரிசையில் நின்ற பாண் கியூ, 1983 கலவரம், 1990 ஆனியில் மறுபடி சண்டை தொடங்கிய நாட்கள், 2004 சுனாமி. "பாண் கியூ காலத்தில அம்மா என்ன சமைச்சவ?" என்று கேட்டுப் பாருங்கள், சித்திமாரும் மாமிமாரும் நிறுத்தாமல் கதைப்பார்கள். பிடியரிசிக் கதை எனக்கு அப்படித்தான் கிடைத்தது. உலையில் போடுவதற்கு முன் அரிசி அளக்கும் சுண்டிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தகரப் பேணியில் போட்டுவிடுவாராம் அம்மா. பெயர் கோயிலுக்கு. ஆனால் அரிசி தட்டுப்பட்ட மாதங்களில் அந்தப் பேணிதான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. பிள்ளையாருக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கும்.

அடுத்து அலுமாரியைத் திறவுங்கள். சேலைகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு அம்மாவின் சீட்டுக் கணக்கு சி.ஆர். கொப்பிகளில் (கணக்கெழுதும் நோட்டுகளில்) கிடைத்தது. ஒழுங்கையில் உள்ள பெண்கள் மாதாமாதம் காசு போடுவார்கள், குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு முழுத்தொகை. அதை நடத்தியது அம்மா. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி, கீழே வரிசையாகப் பெயர்கள். காசு கொடுத்தவருக்கு நேரே "தந்தாச்சு", கொடுக்க முடியாதவருக்கு நேரே "பிறகு". அந்தப் "பிறகு"களில் எத்தனை காசு அப்பாவின் துறைமுகச் சம்பளத்திலிருந்து போனதோ, கொப்பியில் அது இல்லை. ஒரு மாதம் சீட்டு அம்மாவுக்கே விழுந்திருக்கிறது. அவர் தன் பெயரை ஒரு கோட்டால் வெட்டி, முன்வீட்டு அக்காவின் பெயரை எழுதியிருந்தார். ஓரத்தில் காரணம்: "மகள் கம்பஸ்." அந்த அக்காவின் மகள் பல்கலைக்கழகம் போகிறாள் என்று அர்த்தம். இதையே ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்து செய்தால் உத்தியோகம் என்கிறோம். அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்துக் கல்வெட்டில் போட்டோம்.

ஒன்றைத் தயவுசெய்து எழுதாதீர்கள்: "தியாகத்தின் திருவுருவம்." எழுதினால் அம்மா மறைந்துவிடுவார், திருவுருவம்தான் மிஞ்சும். எங்கள் தம்பி எழுதிய முதல் படியில், அம்மா எல்லோரையும் சாப்பிடவைத்துவிட்டு, நல்ல துண்டெல்லாம் பிள்ளைகளுக்குப் போட்டு, கடைசியில் மீன் தலையோடு சோறு தின்றார் என்று கண்ணீர் வர எழுதியிருந்தான். வாசித்த சித்தி சிரித்துவிட்டார். "எடேய், அக்காவுக்கு விளைமீன் தலை எண்டா உயிர். உங்களுக்குப் பங்கு குடுக்க மனமில்லாமத்தான் கடைசியில சாப்பிட்டவ." யோசித்தால் சரிதான். பகல் இரண்டு மணிக்குக் குசினி வாசலில் பலகையைப் போட்டு, யாரும் கூப்பிடாத அந்த நேரத்தில் முள்ளை ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொண்டிருப்பார். தியாகம் இல்லாமல் இல்லை, ஆனால் அது அங்கே இல்லை. அடுத்த படியில் தம்பி சித்தி சொன்னதை அப்படியே சேர்த்தான்.

கோபத்தையும் எழுதலாம். வேலிக்கு நட்ட கதியாலால் (வேலிக்கம்பால்) வந்த எல்லைச் சண்டையில் அம்மா மாமியோடு வருடக்கணக்காகப் பேசவில்லை. ஒரே ஒரு வரியில் குறிப்பிட்டோம். மாமி கல்வெட்டை வாங்கி வாசித்துவிட்டு, "வேலி என்ர பக்கம்தான் வந்தது, அதையும் எழுதியிருக்கலாம்" என்றார்.

அம்மம்மாவாக வாழ்ந்த பகுதியைப் பேரப்பிள்ளைகளிடமே விடுங்கள். அவர்கள் தமிழ் கொஞ்சம் தடுக்கினாலும் பரவாயில்லை, திருத்தவேண்டாம். தங்கையின் பிள்ளைப்பேறு பார்க்க அம்மா ரொறன்ரோவுக்குப் போனபோது பெட்டியில் சேலையை விடச் சரக்குத்தூள்தான் அதிகம். மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு (சுக்கு) எல்லாம் காயவைத்து இடித்தது. பத்தியம் என்பதால் செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்) சேராது. கறி கொதிக்கும்போது உள்ளியை (பூண்டை)த் தாராளமாகப் போடுவார். பால் சுரக்கப் பால்சுறாதான் வேண்டும் என்று அந்தப் பனிக்குள் மருமகனைக் கடை கடையாக அனுப்பியிருக்கிறார். அப்போது பிறந்த பேத்தி இன்று பெரியவள். அவள் எழுதித் தந்தது அம்மம்மாவின் முந்தானையில் எப்போதும் இருந்த சீரக வாசத்தைப் பற்றி மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது.

சுனாமியைப் பற்றி நாங்கள் சுருக்கமாகவே எழுதினோம். எங்கள் வீடு உவர்மலையில், மேட்டில். கடற்கரைப் பக்கமிருந்து ஓடிவந்தவர்களுக்கு அன்று பகலே அம்மாவும் ஒழுங்கைப் பெண்களும் கோயில் கிடாரத்தில் கஞ்சி வைத்தார்கள். யார் யார் விறகு கொண்டுவந்தார்கள், யார் தேங்காய் துருவினார்கள் என்று அவர்கள் பெயர்களையும் போட்டோம். அம்மா மட்டும் செய்ததாக எழுதியிருந்தால் அந்தப் பெண்கள் எங்களைச் சும்மா விட்டிருக்கமாட்டார்கள், அம்மாவும்தான்.

நடைமுறைக்கு வருவோம். இரண்டு பக்கத்துக்குள் அடங்காவிட்டால் நன்றி நவிலலைச் சுருக்குங்கள், அதை யாரும் வாசிப்பதில்லை. பிள்ளைகளின் படிப்பு, பட்டம், வெளிநாட்டு ஊர்ப்பெயர்களுக்கு வம்சாவளிப் பக்கம் போதும். அச்சகத்துக்குக் கொடுக்குமுன் அம்மாவின் சகோதரி யாரும் இருந்தால் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

திதி வெண்பாவில் மாதமும் பட்சமும் திதியும் சரிதானா என்று ஐயரிடம் காட்டிவிட்டே அச்சுக்கு விடுங்கள். வருடா வருடம் திவசத்துக்குப் பிள்ளைகள் எடுத்துப் பார்க்கப்போவது அந்த நாலு வரியைத்தான். தாயில்லாதவர்களுக்கு உரிய சித்திரா பௌர்ணமி விரதமும் இனி உங்களுக்கு உண்டு. முதல் வருடம் யார் கஞ்சி வைப்பது என்று சகோதரங்களோடு இப்போதே கதைத்துவையுங்கள், எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு சண்டை வந்தது.