கட்சி மாறி உட்கார்ந்திருக்கிறீர்கள்

கேள்வி: சென்ற இதழில் லாக், டெகார்ட் என்று பழைய தத்துவஞானிகளுக்கு நான்கு பக்கத்தை வீணடித்திருக்கிறீர்கள். அறிவு அனுபவத்தால் வருகிறதா, பகுத்தறிவால் வருகிறதா என்றால் நான் பகுத்தறிவுவாதி, டெகார்ட் கட்சி. மனம் என்று தனியாக ஒன்று கிடையாது, எல்லாம் மூளைதான் என்று ஸ்கேன் காட்டிவிட்டது. அப்புறம் எதற்கு இந்தப் பழங்கதை?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நம்மூரில் பகுத்தறிவுவாதி என்றால் சாமி கும்பிடாதவர், எதற்கும் ஆதாரம் கேட்பவர். டெகார்ட் அந்த ரகம் இல்லை. கண்ணையும் காதையும் நம்ப மாட்டேன் என்று ஒதுக்கிவிட்டு, உட்கார்ந்து யோசித்தே கடவுள் இருப்பதை நிரூபித்துவிட்டதாக 1641-இல் புத்தகம் போட்டவர். உடல் வேறு, ஆன்மா வேறு என்றும் அதிலேயே சாதித்தவர். 'மனமே கிடையாது' என்கிற உங்களை அவர் திண்ணையில்கூட உட்கார விடமாட்டார். ஆதாரம் கேட்கும் உங்கள் குணத்துக்கு, அறிவெல்லாம் அனுபவத்தில்தான் வருகிறது என்ற லாக்தான் சரிப்பட்டு வருவார். நம்மூர்ப் பகுத்தறிவுவாதிக்கும், யோசித்தே அறிவைப் பெறலாம் என்ற டெகார்ட் கட்சிக்கும் ஒரே தமிழ்ச் சொல் வேலை பார்ப்பதால் வந்த வினை இது. கட்டுரையிலேயே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

சரி, பழங்கதைக்கு வருவோம். டப்ளினில் இருந்த வில்லியம் மோலினோ 1688-இல் லாக்குக்கு ஒரு புதிர் எழுதி அனுப்பினார். (அவருடைய மனைவி பார்வை இழந்தவர்.) பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தடவித் தடவிப் பழகியிருக்கிறார். திடீரென்று பார்வை வருகிறது. தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? சொல்ல மாட்டார் என்றார் லாக். கை அறிந்ததைக் கண் அனுபவத்தில்தான் கற்க வேண்டும். டெகார்ட் போலப் பகுத்தறிவுக் கட்சியைச் சேர்ந்த தத்துவஞானி லைப்னிட்ஸ் ஒப்பவில்லை. இருப்பது இந்த இரண்டும்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார் என்றார்.

இந்த வழக்கு டெல்லிக்கு வந்தது. பவன் சின்ஹா என்ற எம்.ஐ.டி. பேராசிரியரின் 'பிரகாஷ்' திட்டத்தில், கண் அறுவை சிகிச்சையால் பார்வை பெற்ற ஐந்து பிள்ளைகளைச் சோதித்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். எட்டு முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள். விளையாட்டுக் கட்டைகள் போன்ற உருவங்களைத் தொட்டுவிட்டு, மறுபடி தொட்டே அடையாளம் காட்டச் சொன்னால் 98 சதவீதம் சரி. பார்த்ததைப் பார்த்துச் சொல்வதில் 92. தொட்டதைப் பார்த்துச் சொல்லச் சொன்னபோது மட்டும் 58, அதாவது பூவா தலையா போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம் மேல். லாக் ஜெயித்தார் என்று எழுந்துவிடாதீர்கள். சில நாள் கழித்து மறுபடி சோதித்த மூன்று பிள்ளைகள் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். பிறக்கும்போது மனம் எதுவும் எழுதாத வெறும் பலகை என்பது லாக் கட்சி. வெறும் பலகைக்கு இவ்வளவு வேகம் ஏது?

2015-இல் இன்னொரு திருப்பம். தண்டவாளம் போல மேலே போகப்போக நெருங்கும் இரண்டு கோடுகள். குறுக்கே ஒரே நீளத்தில் இரண்டு கோடுகள். மேலே இருப்பது நீளமாகத் தோன்றும், நமக்கெல்லாம். தண்டவாளத்தைக் கண்ணால் பார்த்தே இராத, புதிதாகப் பார்வை பெற்ற ஒன்பது பிள்ளைகளும் அதே மாதிரி ஏமாந்தார்கள். எந்த அனுபவம் கற்றுக்கொடுத்த ஏமாற்றம் அது? மூளையை ஆராய ஆராய உங்கள் 'பழங்கதை' சூடுபிடிக்கத்தான் செய்கிறது.

கடைசியாக ஸ்கேன். ஆன்மா தனி என்ற டெகார்ட்டை, உருவமில்லாத அது உடம்பை எப்படி அசைக்கும் என்று பொஹீமியா இளவரசி எலிசபெத் 1643-இல் கடிதத்தில் மடக்கினார். அவருக்கு நேரான பதில் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டால் உங்கள் தலையில் விழும்: எல்லாம் மூளைதான் என்றால், அந்தச் சதைக்கு வலி என்று ஒன்று தெரிவது எப்படி? மனம் மூளையில்லாமல் அந்தரத்தில் நிற்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. தலையில் அடிபட்டு ஆளே மாறிப்போனவர்களைப் பார்த்தவன் யாரும் சொல்ல மாட்டான். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று ஸ்கேன் காட்டும். வலி எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அடுத்த முறை தலைவலிக்கு டாக்டரிடம் போகும்போது கவனியுங்கள். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, உங்கள் பக்கம் திரும்பிக் கேட்பார்: "எப்படி வலிக்குது? குத்துதா, பாரமா இருக்கா, விண்விண்ணுனு தெறிக்குதா?"