வலி மாத்திரையை விட முடியவில்லை: சிஸ்டரிடம் கேட்ட கேள்விகள்

சென்னையில் போதை மீட்பு வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்டவை இவை. பெயர்களை எடுத்துவிட்டேன், சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம், அளவை முடிவு செய்ய வேண்டியது உங்களை நேரில் பார்க்கும் டாக்டர்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: சிஸ்டர், பைக் விபத்தில் முழங்கால் ஆபரேஷன் ஆனது. டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை கொடுத்தார்கள். கால் சரியாகி ஒரு வருடம் ஆகிறது, ஆனால் மாத்திரை நாளைக்குப் பத்து வரை வந்துவிட்டது. ஒரு நாள் விட்டால் கொட்டாவி, மூக்கு ஒழுகுகிறது, ராத்திரி கால் குடைச்சலில் தூக்கம் இல்லை. மனைவிக்குத் தெரியாது. ஒரு வாரம் லீவு போட்டு ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

வேண்டாம் தம்பி. தனியாக, சொல்லாமல், ஒரேயடியாக என்ற மூன்றுமே வேண்டாம்.

டிரமடால் அபின் வகையைச் சேர்ந்த மருந்து. மூளையிலும் தண்டுவடத்திலும் வலியை அடக்கும் ஏற்பிகளில், அதாவது மருந்து ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் இடங்களில், போய் உட்காருகிறது. தினமும் உட்கார்ந்தால் உடம்பு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும், அதனால்தான் ஒன்றில் அடங்கிய வலிக்கு மூன்று தேவைப்படுகிறது, அப்புறம் வலியே இல்லாதபோதும் மாத்திரை தேவைப்படுகிறது. நிறுத்தினால் அதுவரை அடங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, புல்லரிப்பு, பேதி, உடம்பு வலி, தூக்கமின்மை எல்லாம் அதன் அடையாளங்கள். பெரும்பாலும் முதல் நாளிலேயே தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம், ஒரு வாரம் பத்து நாளில் உடம்பு அடங்கும், தூக்கமும் மனசும் சரியாக இன்னும் நாளாகும். டிரமடால் செரட்டோனின் என்ற, மனநிலையோடு தொடர்புள்ள மூளை ரசாயனத்தின் பக்கமும் வேலை செய்வதால் சிலருக்குக் கடுமையான பதற்றம், கை கால் மதமதப்பு என்று வேறு விதமாகவும் வரும். அளவு கூடினால் ஃபிட்ஸ் வரும் ஆபத்தும் இந்த மருந்துக்கு உண்டு. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகம், அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். அந்தக் கூட்டு மாத்திரையில் வழக்கமாக டிரமடால் 37.5 மில்லிகிராம், பாராசிட்டமால் 325 மில்லிகிராம் இருக்கும். பத்து என்றால் டிரமடால் 375. ஒரு நாள் உச்ச வரம்பே 400தான். பாராசிட்டமால் 3,250. இதன் மேல் காய்ச்சல் என்று இரண்டு டோலோ 650 போட்டால் 4 கிராமைத் தாண்டிவிடும், கல்லீரல் அடி வாங்கும், அதுவும் ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாமல். அதனால் கல்லீரல் ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்குப் படிப்படியாகக் குறைப்பதுதான் வழி. சிலருக்கு மாதத்துக்குப் பத்து சதவீதம் மாதிரி மெதுவாகக்கூடப் போவார்கள். மனைவியிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டைகளை ஒருவர் கையில் கொடுத்து அன்றன்றைக்கு உரியதை மட்டும் வாங்கிச் சாப்பிடுவது இதில் பெரிய உதவி, மறைத்துக்கொண்டே குறைத்துவிடலாம் என்று முயன்றவர்கள் பாதியில் திரும்பி வருவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வியாசர்பாடி அம்மா ஒருவர்: பையனுக்கு இருபது வயசு. அவன் பையில் டேபென்டடால் அட்டையும் ஊசியும் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் ஊருக்கு வெளியே ஒரு இடம் சொல்கிறார், மூன்று மாசம் வெளியே விட மாட்டார்களாம், தேவைப்பட்டால் கட்டியும் போடுவார்களாம். போலீசுக்குத் தெரிந்தால் கேஸ் ஆகிவிடுமோ என்றும் பயம்.

அம்மா, டேபென்டடாலும் டிரமடால் மாதிரி அபின் வகை வலி மாத்திரைதான். ஆனால் அந்த இடத்துக்கு அனுப்பாதீர்கள். சங்கிலியால் கட்டுவது மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன்படி தடை செய்யப்பட்டது, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுபவர்களும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். எந்தத் தனியார் மையமானாலும் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், மனநல டாக்டர் தினமும் வருகிறாரா, பையனை நீங்கள் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். பதிலில் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசி என்பதால் அவசரம் கூடுதல். மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றும்போது மருந்து மட்டும் போவதில்லை, மாத்திரையைக் கெட்டியாக்கச் சேர்த்த தூளும் போகிறது, அது ரத்தக் குழாயை அடைக்கும், நுரையீரலில் போய் தங்கும், ஊசி போட்ட இடம் சீழ் வைத்துக் கையே போகும் நிலை வரும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் பரிசோதனை வேண்டும். சென்ட்ரல் எதிரே இருக்கும் ஜிஹெச், ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, எதுவானாலும் மனநலப் பிரிவு ஓபிக்குக் கூட்டிப் போங்கள். அவன் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பேசுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

போலீஸ் பயம் எனக்குப் புரிகிறது. போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ சிக்கிய ஒருவர் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அது போய்விடும். ஓபியில் நாங்கள் சீட்டு எழுதுவது சிகிச்சைக்காக மட்டும்தான்.

அவனை அடிக்காதீர்கள் அம்மா. இந்த நேரத்தில் அவன் உங்களிடம் பேசுவதை நிறுத்திவிடக் கூடாது.

குரோம்பேட்டை: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாமும் அடிமையாக்குமா?

அபின் வகை மாதிரி ஆக்காது. ஆனால் தினமும் போட்டால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். தலைவலிக்குப் போடுபவர்கள் கவனியுங்கள்: மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் என்று மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும்.

மேற்கு தாம்பரம்: அம்மாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அடிமையாகிவிடுவார் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். வலி தாங்காமல் அழும்போது மட்டும் கொடுக்கிறேன்.

தயவுசெய்து எழுதிய நேரத்துக்குக் கொடுங்கள். மற்ற கேள்விகளைப் படித்துவிட்டு உங்களைப் போன்றவர்கள் பயந்துபோய் மருந்தை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இதற்கு விரிவாகப் பதில் சொல்கிறேன். மார்ஃபினை நிறுத்தினால் அம்மாவின் உடம்பும் படுத்தும், அது உடம்பின் பழக்கம், தொடர்ந்து சாப்பிடும் யாருக்கும் வரும். கெடுதல் தெரிந்தும் மாத்திரைக்காக வேலை, காசு, வீடு எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துத் தேடிப் போவதுதான் அடிமைத்தனம். டாக்டர் கண்காணிப்பில் புற்றுநோய் வலிக்கு எடுப்பவர்களிடம் அது அபூர்வம். அளவு கூடிக்கொண்டே போகிறதே என்றால் பெரும்பாலும் நோய் கூடுகிறது என்று அர்த்தம். வலி உச்சத்துக்குப் போன பிறகு கொடுத்தால் அதை அடக்க இன்னும் அதிகம் தேவைப்படும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேளுங்கள். எழுந்திருக்க முடியாத அளவு தூக்கமோ குழப்பமோ இருந்தால் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். மருந்தைப் பூட்டி வையுங்கள், வீட்டில் இளவயதினர் இருந்தால் அவசியம்.

அண்ணா நகர்: அபின் வகைப் பழக்கத்தை விடச் சிகிச்சையில் ப்யூப்ரெனார்ஃபின் மாத்திரை கொடுத்தால் ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே?

இதைக் கேட்டுக் கேட்டே பலர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதே ஏற்பியில்தான் உட்காரும், ஆனால் அரைகுறையாகத்தான் தூண்டும், ஒரு அளவுக்கு மேல் ஏற்றினாலும் விளைவு கூடாது. தேட்டம் அடங்குகிறது, மனுஷன் வேலைக்குப் போகிறான், பிள்ளையைப் பள்ளியில் விடுகிறான். எத்தனை மாதம், எத்தனை வருடம் என்பது ஆளைப் பொறுத்தது, அவசரப்படுத்தாதீர்கள். பழைய மருந்தின் பிடி இறங்கி, விடும்போது வரும் தொந்தரவு தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை போட வேண்டும், முன்னாலேயே போட்டால் அந்தத் தொந்தரவெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். நண்பனிடம் வாங்கிப் போடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

கொளத்தூர்: மெடிக்கல் ஷாப்பில் டிரமடாலைச் சீட்டில்லாமல் கொடுக்கிறார்களே?

கொடுக்கக் கூடாது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 பட்டியலில் டிரமடால் இருப்பதால் வாங்குபவர், எழுதிய டாக்டர் விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2018-லிருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் அது வருகிறது.

ராயபுரம்: கணவர் இரண்டு மாதம் விட்டிருந்தார். நேற்று மறுபடி போட்டுவிட்டார். எல்லாம் வீணாகிவிட்டதா?

வீணாகவில்லை. ஆனால் இதுதான் மிக ஆபத்தான நேரம் என்பதால் கவனமாகப் படியுங்கள். இரண்டு மாதத்தில் உடம்பின் தாங்குசக்தி இறங்கியிருக்கும், பழைய அளவை இப்போது போட்டால் மூச்சு நின்றுபோகலாம். சரக்கோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் இன்னும் மோசம். எழுப்பினால் எழவில்லை, மூச்சு மெதுவாக, இழுத்து இழுத்து வருகிறது, உதடு நீலமாகிறது, கண்பாப்பா ஊசிமுனை அளவு சுருங்கியிருக்கிறது என்றால் உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தனியே விட்டுப் போகாதீர்கள். என்ன மாத்திரை என்று ஆம்புலன்ஸில் மறைக்காமல் சொல்லுங்கள், அபின் வகை மருந்தின் வேலையை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது.

அந்த அபாயம் இல்லையென்றால், நாளைக் காலையே ஏற்கெனவே பார்த்த டாக்டரிடம் போங்கள். நேற்று என்ன நடந்தது என்று அவரிடம் சண்டை போடாமல் கேளுங்கள்: சம்பள நாளா, வலி திரும்பியதா, பழைய நண்பரா? அதை டாக்டரிடம் சொன்னால்தான் மருந்தை எப்படி மாற்றுவது என்று அவருக்குத் தெரியும்.

வேளச்சேரி தம்பி மறுபடியும்: மனைவியிடம் சொல்லிவிட்டேன் சிஸ்டர். டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

ரொம்ப சந்தோஷம் தம்பி. காலி அட்டை ஒன்றைக் கொண்டுபோய் மேஜையில் வையுங்கள், "இதில் நாளைக்குப் பத்து சாப்பிடுகிறேன், நிறுத்த உதவுங்கள்" என்று சொல்லுங்கள். எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், அதை வைத்துத்தான் குறைக்கும் திட்டமே போடுவார்கள். தூக்க மாத்திரை, பிரகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை, குடி எது இருந்தாலும் அதையும் சொல்லுங்கள். முழங்கால் வலி பாக்கி இருந்தால் பிசியோதெரபி ஓபிக்கும் சீட்டு கேளுங்கள். மனைவியையும் கூட்டிப் போங்கள்.