பாக்கெட்டில் கிலோஜூல், டாக்டர் சொல்வது கலோரி

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 46. ஒரு நாளைக்கு 1,500 கலோரிக்குள் சாப்பிடச் சொன்னார் டாக்டர். கடைச் சாமான்களிலோ கிலோஜூல்தான் போட்டிருக்கிறது. புரட்டாசி முழுக்கக் கறி, மீன் தொடவில்லை. எடை அரை கிலோ கூடியிருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: முதலில் கணக்கு. 1 கலோரி என்பது 4.2 கிலோஜூல். உங்கள் 1,500 கலோரி 6,300 கிலோஜூல் ஆகிறது. 1,000 கிலோஜூலுக்கு 240 கலோரி என்று மனதில் வைத்துக்கொண்டால் கடையிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

பாக்கெட்டில் எந்த அளவுக்கான எண் என்றும் பாருங்கள். 100 கிராமுக்கு ஒன்று, ஒரு வேளை அளவுக்கு ஒன்று என இரண்டு இருக்கும். அந்த ஒரு வேளை வெறும் 30 கிராமாக இருக்கலாம். அரிசிப் பாக்கெட்டில் இருப்பது வேகாத அரிசியின் கணக்கு: 100 கிராமுக்குச் சுமார் 1,500 கிலோஜூல். வெந்து தண்ணீர் இழுத்த சோறு 100 கிராமுக்கு 540தான். இதைக் கவனிக்காமல் சோற்றை அநியாயமாகக் குறைத்துவிட்டு, ராத்திரி பசியில் பிஸ்கட் டப்பாவைத் திறப்பவர்கள் நிறையப் பேர்.

இனி புரட்டாசி. கறி போன இடத்தில் என்ன வந்தது? வடை, பூரி, உருளைக்கிழங்கு வறுவல். எண்ணெயில் போட்டதும் கிழங்கிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது, அந்த இடத்தில் எண்ணெய் ஏறுகிறது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 17 கிலோஜூல், எண்ணெய் 37. அதனால்தான் 150 கிராம் அவித்த கிழங்கு 130 கலோரியோடு நிற்க, அதே எடை சிப்ஸ் 450ஐத் தாண்டுகிறது.

ரொட்டியின் நடுவைத் தோண்டிக் குழம்பு ஊற்றித் தரும் ‘பன்னி சௌ’வில் (bunny chow) மட்டனுக்குப் பதில் பீன்ஸ் என்பதும் அப்படித்தான். பீன்ஸ் நல்லது, நார்ச்சத்தும் புரதமும் உண்டு, பசி தாங்கும். ஆனால் 700 கிராம் ரொட்டியில் கால் பங்கு 175 கிராம். உள்ளே ஊற்றும் குழம்பைச் சேர்க்காமலே அது 420 கலோரி! தோண்டி எடுத்த நடுப்பகுதியையும் தொட்டுத் தின்றுவிடுகிறோமே. அதே பீன்ஸை ஒரு கப் சோற்றோடும் கீரையோடும் சாப்பிட்டால் சோற்றுக்கு 200 கலோரிதான்.

தாளிக்கும்போது கண்ணளவில் ஊற்றாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. நாலு பேர் இருக்கும் வீடென்றால் காலையிலேயே 60 மில்லி அளந்து சின்ன பாட்டிலில் வைத்துவிடுங்கள். அன்றைய சமையல் முழுக்க அதிலிருந்துதான். வெங்காயம் அடிப்பிடித்தால் எண்ணெய்க்குப் பதில் ஒரு கரண்டி தண்ணீர் தெளியுங்கள், நிறம் கெடாது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரென்றால் சோறு, ரொட்டியைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவு மாறாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றோடு எடை பாருங்கள். மூன்று வாரமாகியும் முள் அசையவில்லையா? சாயங்காலத்துக்குள் அந்தச் சின்ன பாட்டிலை யாராவது மறுபடி நிரப்புகிறார்களா என்று விசாரியுங்கள்.