கையெழுத்துப் போட ஆளில்லாத விபத்து நோயாளி

கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். தொப்பூர் கணவாயில் அடிபட்டு, நினைவில்லாமல், உறவினர் யாரும் இல்லாமல் வருபவருக்கும் உங்கள் மருத்துவமனை நிர்வாகம் முன்பணமும் சம்மதக் கையெழுத்தும் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். உயிர் காக்கும் அவசர சிகிச்சை அரசு, தனியார் எல்லா மருத்துவர்களுக்கும் கடமை என்று 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போலீஸ் வரட்டும் என்று இழுப்பதையும் அதே தீர்ப்பு ஏற்கவில்லை.

நிர்வாகம் தயங்குவது பெரும்பாலும் பில்லை நினைத்துத்தான், சட்டமெல்லாம் அப்புறம். உங்கள் மருத்துவமனை, சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கான தமிழக அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இருக்கிறதா என்று பில்லிங்கில் கேளுங்கள். இருந்தால் முதல் 48 மணி நேரச் செலவை, ஒரு வரம்புக்குள், அரசே ஏற்கும். இல்லையென்றாலும் ரத்தப்போக்கை நிறுத்தி, நிலைப்படுத்திய பிறகுதான் 108-இல் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும்.

கேஸ் ஷீட்டில் வந்த நேரம், நோயாளியின் நிலை, ஏன் காத்திருக்க முடியாது என்பதை எழுதி, டியூட்டி டாக்டரோடு இன்னொரு டாக்டரும் கையெழுத்திடுவது நல்லது. கொண்டுவந்து விட்ட லாரி டிரைவரிடம் மட்டும் கையெழுத்து வாங்காதீர்கள். பாவம், அவர் தன் பெயரைச் சொல்லக்கூடக் கட்டாயமில்லை.

இதெல்லாம் உயிர் ஆபத்து இருக்கும்போதுதான். தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் என்றால், நோயாளி கண்விழித்துச் சரி என்று சொல்லும்வரை தொடக்கூடாது.